1947 செவர்லே நிற்கிறது, 1930 செவர்லே எங்கே போனது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சென்னையில் பழைய கார் கண்காட்சிகளுக்குப் போனால் 1946 முதல் 1954 வரையிலான வண்டிகள்தான் கூட்டமாக நிற்கின்றன. 1930-ஐ ஒட்டிய வருடங்கள் என்றால் ஃபோர்டு வருகிறது, செவர்லே வருவதில்லை. 1955-க்கு அப்புறமான அமெரிக்க வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியானால் இன்றும் மிஞ்சியது நல்ல வருடம், காணாமல் போனது மட்டமான வருடம் என்று வைத்துக்கொண்டு வண்டி தேடலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். தரமும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் இல்லை. ஒரு கார் எந்த வருடம் பிறந்தது என்பதைவிட, அதற்குப் பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயது ஆகும்வரை ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் அதன் தலையெழுத்தைத் தீர்மானித்திருக்கிறது.

நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய, என்னைப் பற்றி இரண்டு வரி. படித்தது ஆட்டோமொபைல் இன்ஜினியரிங். வேலை கற்றுக்கொண்டது ராயப்பேட்டைப் பட்டறைகளில், டிங்கர் மேஸ்திரிகளிடம். கைக்கு வந்தவை பெரும்பாலும் 1930-க்குப் பிந்தைய பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகள். ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் சமாச்சாரம் என் எல்லைக்கு வெளியே. எந்த மாடலில் எத்தனை சதவீதம் மிஞ்சியது என்று கணக்கு எதுவும் தரப்போவதில்லை. ஆர்டிஓ ஏட்டில் உயிரோடு இருக்கும் வண்டி காயலாங்கடையில் உருகி முப்பது வருடம் ஆகியிருக்கும்; ஏட்டில் இல்லாத வண்டி காரைக்குடிப் பக்கம் யார் வீட்டு ஷெட்டிலோ தட்டுமுட்டுச் சாமானுக்குப் பின்னால் நிற்கும். கண்காட்சிக்கு வருவது பிழைத்த வண்டி எல்லாம் அல்ல. பிழைத்து, ஓடி, ஓனருக்கும் காட்ட ஆசை இருக்கிற வண்டிதான் வருகிறது.

'எந்த வருட மாடல்' என்பதே பாதி அமெரிக்கக் கேள்வி. வருடா வருடம் வண்டியின் முகத்தை மாற்றும் பழக்கத்தை 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் பிடித்துக்கொண்டது. மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். அதனால் 1957 செவர்லேக்கும் 1958 செவர்லேக்கும் உள்ள வித்தியாசம் தெருமுனையிலிருந்தே தெரியும். பிரிட்டிஷ் வண்டிகள் அப்படியல்ல. 1948-ல் வந்த மோரிஸ் மைனர் இருபது வருடத்துக்கு மேல் ஏறக்குறைய அதே உருவத்தில் ஓடியது. நம் அம்பாசடரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு, ஆர்சி புக்கில் உள்ள வருடத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டி, விற்று, பதிவு செய்த வருடமாக அது இருக்கலாம். மாடல் அதற்கு முந்தையதாக இருக்கலாம்.

இப்போது அந்தப் பத்து முதல் இருபத்தைந்து வயது விஷயத்துக்கு வருகிறேன். புது வண்டிக்கு விலை உண்டு, ஐம்பது வயது வண்டிக்கும் விலை உண்டு. நடுவில் ஒரு காலம் வரும்: ரிப்பேர் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும், ஆனால் 'பழமை' என்று சொல்லிக்கொள்ளும் மரியாதை இன்னும் வந்திருக்காது. கார்கள் சாவது பெரும்பாலும் இந்த நடுவயதில்தான். நிறையத் தயாரித்தால் நிறைய மிஞ்சும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் 1948-ல் அமெரிக்காவில் டக்கர் என்ற கார் மொத்தம் 51 தான் செய்தார்கள்; அதில் 47 இன்றும் இருக்கின்றன. கம்பெனி உடனே மூடிவிட்டதால் அது முதல் நாளிலிருந்தே அதிசயப் பொருள் ஆகிவிட்டது; நடுவயது என்ற ஒன்றே அதற்கு வரவில்லை. இதற்கு நேர் எதிர்க்கோடி 1923-ல் செவர்லே செய்த, தண்ணீருக்குப் பதிலாகச் செப்புத் தகடுகளில் காற்று பட்டுக் குளிரும் இன்ஜின் வைத்த கார். 759 வண்டிகள் செய்தார்கள். சரியாக வேலை செய்யாததால் கம்பெனியே விற்றதைத் திரும்ப அழைத்து அழித்தது. இரண்டுதான் தப்பின.

உங்கள் 1930 செவர்லேக்கு வருவோம். இங்கே பதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்: மரம். அந்தக் காலத்துச் செவர்லே, பியூக் பாடிகளில் வெளியே தெரிவதுதான் இரும்புத் தகடு. உள்ளே கதவுச் சட்டம், தூண்கள், கூரை எல்லாம் மரச்சட்டத்தின் மேல் நிற்பவை. கூரையின் நடுப்பகுதி தகடுகூடக் கிடையாது, மரத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்தத் துணி வெடித்த அன்றே ஐப்பசி மழை உள்ளே இறங்கிவிடும். மரம் ஊறும், ஆணி தளரும், கதவு தொங்கும், பிறகு கரையான் வந்து சேரும். அதே வருடங்களின் ஃபோர்டு மாடல் ஏ-யிலும் மரம் உண்டு, ஆனால் பாடியைத் தாங்குவது பெரும்பாலும் இரும்புதான். அந்த மாடல் 1927 கடைசியிலிருந்து 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது என்பதும் உண்மை. ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் 1931-ல் செவர்லே ஃபோர்டைவிட அதிகம் விற்றது. விற்பனையில் முந்திய வண்டி பிழைப்பதில் பிந்திவிட்டது. 1935-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே இரும்புத் தகட்டால் ஆன கூரையைக் கொண்டுவந்தது. 1937-ல் செவர்லே முழு இரும்புப் பாடிக்கு மாறிவிட்டது. 1937 என்ற இந்த எல்லைக்கோட்டை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கண்காட்சியைப் பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டமும் அந்தப் பக்கம் வெறுமையும் உங்களுக்கே தெரியும். மரம் போன வண்டியை மீட்க டிங்கர் போதாது, நல்ல தச்சர் வேண்டும்; அதுவும் காரின் வளைவுகள் தெரிந்த தச்சர். அப்படிப்பட்டவர் கிடைப்பது வண்டி கிடைப்பதைவிடக் கஷ்டம்.

அதே காலத்து வண்டிகளுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, கிரில் துண்டுகள் போன்றவற்றைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்தக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும். வருடங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே வெடித்து, ஊதி, பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். சுத்தமான துத்தநாகம் புழக்கத்துக்கு வந்த பிறகு இது குறைந்தது. கைப்பிடி உதிர்ந்ததால் மட்டும் கார் சாகாது என்று தோன்றும். ஆனால் நடுவயதில் இருக்கும் வண்டிக்கு, எங்குமே கிடைக்காத ஒரு சின்னப் பாகம்தான் எமன்.

1946–54 கூட்டத்துக்கு வருவோம். இதுதான் சென்னையின் தனிக்கதை. போரால் அமெரிக்காவில் சாதாரணக் கார் உற்பத்தி 1942 பிப்ரவரியில் நின்று 1945-ல் மறுபடி தொடங்கியது. அதனால் 1942 மாடல் எங்குமே குறைவு; போர் முடிந்து வந்த 1946, 47, 48 வண்டிகள் பெரும்பாலும் அதே 1942 வண்டிகள்தான், கிரில்லும் பட்டையும் மட்டும் வேறு. இது பிழைப்புக்கு எவ்வளவு பெரிய வரம் என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்: ஒரு வருடத்துப் பாகம் இன்னொரு வருடத்துக்குச் சேரும். செவர்லேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின் 1937 முதல் 1953 வரை வந்தது. போர்க்காலத்து மிலிட்டரி லாரிகளிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். போர் முடிந்து டிஸ்போசலில், அதாவது ராணுவம் வேண்டாமென்று கழித்து விற்றதில், வந்த லாரிகள் பஸ்ஸாகவும் லோடு வண்டியாகவும் மாறியபோது, அவற்றின் ஸ்பேர் இங்கே குவிந்தது. அந்த இன்ஜினின் கனெக்டிங் ராடு பேரிங் உருக்கி ஊற்றும் ஒயிட் மெட்டல். கடையில் வாங்கவே வேண்டாம், ஊற்றிக் கடைந்துகொடுக்கும் லேத் பட்டறை பக்கத்திலேயே இருந்தது. பார்ட்ஸ் வருவது நின்ற பிறகும் இந்த வண்டிகள் ஓடியதற்குக் காரணம் இதுதான். அதே காலத்து ஃபோர்டு வி8-க்கு அந்தக் கொடுப்பினை அவ்வளவு இல்லை. அந்த இன்ஜினில் புகைபோகும் வழி தண்ணீர் ஓடும் பிளாக்குக்குள்ளேயே போகிறது. மே மாதம் மவுண்ட் ரோடு சிக்னலில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவற்றை உண்மையில் காப்பாற்றியது இன்ஜின் அல்ல, அரசாங்கக் கொள்கை. 1953-ல் உள்நாட்டுத் தொழில்களுக்கான பாதுகாப்பு பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் டேரிஃப் கமிஷனின் அறிக்கை வந்தது. இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை என்றானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அதற்குப் பிறகு சாமானியன் புது வண்டி வாங்க வேண்டுமென்றால் ஹிந்துஸ்தான், ஃபியட், நம்ம ஊர் ஸ்டாண்டர்டு என்று மூன்று வாசல்தான். அதற்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1948 செவர்லேக்குப் பத்து வயது ஆனபோது அமெரிக்காவில் அது இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. மதராஸில் அதே வண்டி டாக்டர் வீட்டுக் கார். தூக்கிப் போட முடியாது, மாற்று இல்லை. சாக வேண்டிய வயதில் அதற்கு மரியாதை இருந்தது. உங்கள் கண்காட்சிக் கூட்டத்தின் மூலக்காரணம் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே கொள்கையின் மறுபக்கம்தான் 1955-க்குப் பிந்தைய வறட்சி. அந்த வண்டிகள் இங்கே சாகவில்லை, வரவே இல்லை. தூதரகத்தார் கொண்டுவந்து விட்டுப்போனது, அரசு வர்த்தக நிறுவனமான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாகக் கைமாறியது, சினிமாக்காரர்களிடம் வந்து சேர்ந்தது என்று கொஞ்சம்தான். அமெரிக்காவிலேயே 1957 செவர்லே நிறைய, 1958 குறைவு என்பது வேறு கதை. 1955, 56, 57 மூன்றுக்கும் அடிப்படை பாடி ஒன்று. இன்று அந்த பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள். 1958 பாடி ஒரே ஒரு வருடம் வந்து போனது, பொருளாதார மந்தத்தால் விற்பனையும் இறங்கிய வருடம். அதே 1957-ல் பிளிமத்தைப் பாருங்கள். அழகில் செவர்லேயைத் தூக்கி அடித்த வண்டி, நன்றாகவும் விற்றது. ஆனால் அவசர அவசரமாகச் செய்து இறக்கினார்கள்; தண்ணீர் புகுந்தது, சீக்கிரமே துருப்பிடித்தது. தொழிற்சாலையைக் குற்றம் சொல்லக்கூடிய வருடம் என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் அமெரிக்க வண்டிகளுக்கு இங்கே நடுவயது திடீரென்று வந்துவிட்டது. பல வண்டிகள் அப்போது போயின. பிழைத்தவற்றில் ஒரு பகுதி, நம் சிம்ப்சன் கம்பெனி இங்கேயே தயாரித்த பெர்கின்ஸ் மாதிரியான டீசல் இன்ஜினை வயிற்றில் வாங்கிக்கொண்டு வெளியூர்களில் பிளசராக ஓடின. ஆட்டம் தாங்காமல் கதவு கழன்றாலும் சேஸ், அதாவது அடிச்சட்டம், பாடியிலிருந்து தனியாக இருந்ததால் தாங்கின. இன்னொரு பகுதியைக் காப்பாற்றியது கல்யாணம். ஜானவாசத்துக்கு மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்துப் பூ அலங்காரத்தோடு ஊர்வலம் விடும் பழக்கம் இல்லையென்றால், சென்னையில் மேல்மூடி இல்லாத வண்டிகளில் பாதி இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஒரு நாளைக்கு வாடகை சம்பாதிக்கும் வண்டியை யாரும் உடைக்க மாட்டார்கள். ஆனால் திறந்த வண்டி போதவில்லை என்று நல்ல செடான்களின் கூரையையும் வெட்டினார்கள். கட்சி ஊர்வலத்துக்கும் அதுவே சௌகரியம். வெட்டிய வண்டியைப் பிழைத்ததாகக் கணக்கு வைப்பதா, இறந்ததாக வைப்பதா? நான் இறந்ததாகத்தான் வைப்பேன். இதில் என்னோடு சண்டை போடும் நண்பர்கள் உண்டு. கல்யாணம் மாதிரி சினிமாவும் வண்டிகளுக்கு ஒரு அடைக்கலம். பீரியட் படத்துக்கு வாடகைக்கு விடலாம் என்ற நம்பிக்கையில் எத்தனையோ வண்டிகள் ஷெட்டில் நின்றன. வடபழனி ஏவிஎம்மில் 2023-ல் திறந்த, பழைய கார்களும் நிற்கும் காட்சியகத்தைப் பார்த்தால் சினிமாக்காரர்களுக்கும் பழைய வண்டிக்கும் உள்ள பந்தம் புரியும்.

ஏற்றுமதித் தடையையும் சொல்ல வேண்டும். 1960களில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஜமீன் வண்டிகளை அடிமாட்டு விலைக்கு அள்ளிப் போனார்கள். 1972-ல் 1950-க்கு முந்தைய கார்களை வெளியே அனுப்ப அரசு தடை போட்டது. அதுவரை போனவை பெரும்பாலும் பேர் பெற்ற வண்டிகள். சாதாரணச் செவர்லே, ஆஸ்டினை யாரும் கப்பலேற்றவில்லை.

நம் மண்ணில் செய்த வண்டிகளிலும் இதே கணக்குதான். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961-லிருந்து ஹெரால்டு செய்தார்கள். 1972 முதல் 77 வரை கேசல் என்ற கார். ஹெரால்டுக்கு நடுவயது வந்த நேரம், 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து இறங்கியது. காத்திருந்த கூட்டம் அந்தப் பக்கம் போயிற்று, ஹெரால்டு காயலாங்கடைக்குப் போயிற்று. அதிலும் சென்னையில் ஓரளவு மிஞ்சக் காரணம், செய்த ஊரே இது என்பதால் ஸ்பேரும் அதைத் தெரிந்த மெக்கானிக்கும் இங்கேயே இருந்தது. மோரிஸ் மைனரில் 1952-க்கு முந்தைய 918 சிசி சைடு வால்வ் இன்ஜினோடு ஒரிஜினலாக நிற்பது அரிது. அதற்குப் பின் வந்த ஏ சீரிஸ் இன்ஜின் மினி காரில் 2000 வரை தொடர்ந்ததால் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. அம்பாசடரில் வேறு மாதிரி. முதல் மார்க், அதாவது முதல் பதிப்பு வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன, ஆனால் கிரில்லும் போனட்டும் மாற்றி மார்க் 4 வேஷத்தில். ஆள் இருக்கிறான், முகம் இல்லை.

இனி சந்தேகமான இடம். கடற்காற்றுதான் சென்னை வண்டிகளை அழித்தது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் பட்டினப்பாக்கம், திருவான்மியூர் வண்டிகளின் அடித்தகட்டைப் பார்த்தவன். கோயம்புத்தூர் வண்டியின் தளம் நம்முடையதைவிட நன்றாக இருக்கும் என்பது பட்டறை அனுபவம். ஆனால் உப்பு வருடம் பார்த்துத் தின்பதில்லை. சேஸும் பாடியும் ஒன்றாக வரும் ஃபியட் 1100 போன்ற வண்டிக்கு அது உயிருக்கு ஆபத்து, தனி சேஸ் வண்டிக்குச் செலவு, அவ்வளவுதான். 2015 டிசம்பர் வெள்ளமும் அப்படித்தான்: அடையாற்றங்கரையில் எது நின்றதோ அது முழுகியது. நாளைக்கு ஒரு குறிப்பிட்ட மாடல் சென்னையில் ஏன் இல்லை என்று யாராவது ஆராய்ந்தால், காரணம் இரண்டு ஓனர்களின் வீடு தாழ்வான தெருவில் இருந்தது என்பதாகவும் இருக்கலாம்.

வாங்கும் யோசனைக்கு இது எப்படி உதவும் என்று கேட்டால்: நிறைய நிற்கும் வருடத்தில் வாங்குவது புத்திசாலித்தனம்தான், ஆனால் தரத்துக்காக அல்ல, பார்ட்ஸுக்காக. முதல் வண்டி என்றால் 1937-க்குப் பிந்தைய இரும்புப் பாடிச் செவர்லே, அல்லது ஏ சீரிஸ் இன்ஜின் மோரிஸ் மைனர். 1930 செவர்லே யாராவது காட்டினால் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் கதவைத் திறந்து தூக்கிப் பாருங்கள். ஆடினால் தச்சர் செலவு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனி விண்டேஜ் பதிவு உண்டு, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் மாற்றாத வண்டியாக இருக்க வேண்டும். ஜானவாசத்துக்குக் கூரை வெட்டியதும் பெர்கின்ஸ் பூட்டியதும் அங்கே சிக்கலில் மாட்டும். ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு நீங்களே ஒத்துப் பாருங்கள், தரகர் வாசித்துக் காட்டுவது போதாது.

கையில் பணம் குறைவு என்றால் வயது கூடியும் 'பழமை' மரியாதை இன்னும் முழுசாக வராமல் தவிப்பவற்றைத் தேடுங்கள்: 1986-க்கு முந்தைய சின்ன உடம்பு மாருதி 800, 1985-க்கு அப்புறம் கொஞ்ச காலம் வந்த ஸ்டாண்டர்டு 2000, ஹிந்துஸ்தானின் ஆரம்பக் காண்டெஸா, கேசல். புதுப்பேட்டையில் அவற்றின் பாகம் இன்னும் கிலோ கணக்கில்தான் போகிறது. கேசல் கிடைத்தால் கிரில், டெயில் லைட், கண்ணாடிகள் முழுசாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் ஹெரால்டுடையதுதான், அதை எப்படியும் ஓடவைத்துவிடலாம்.